தட்டை முகம் என் பக்கம்

தட்டை முகம் என் பக்கம், வளைந்த முதுகு அந்தப் பக்கம், மூன்று காலும் கீழே, இடமிருந்து வலம் எமிலி, பேபி, செல்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போர்டிலும் அதே வரிசையில் ஈ, பி, சி என்று வெள்ளையாக அச்சடித்திருக்கிறது, எறும்புத் தலை அளவு எழுத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. டிரான்சிஸ்டரின் அந்தந்தக் காலை அந்தந்த ஓட்டையில் விட்டுத்தான் பற்ற வைத்தேன். ஈயமும் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. கை நடுக்கம் வந்த பிறகும் ஈயம் வைப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது என்னை. ஆனால் பட்டனை அழுத்தினால் தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்ட வண்டு மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான். நேற்றுவரை இதைவிட நன்றாகக் கத்திக்கொண்டிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. புது டிரான்சிஸ்டர் போட்டால் குரல் கூட வேண்டுமா குறைய வேண்டுமா? கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டேன், நம்பர் இதேதானா, இதேதானா என்று. "அதே நம்பர்தாம்மா, கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். அதே நம்பர்தான். உள் அறையில் இவர் டிவி பார்க்கிறார், சத்தத்தை அணைத்துவிட்டு. குரல்வளையை எடுத்த நாளிலிருந்து அப்படித்தான், செய்தி வாசிக்கிற பெண்ணும் வாயை மட்டும்தான் அசைக்கிறாள், பாட்டுப் பாடுகிறவனும் வாயை மட்டும்தான் அசைக்கிறான். எனக்கில்லாதது உனக்கு மட்டும் எதற்கு என்கிறாரோ என்னவோ. கேட்டால்தானே தெரியும், கேட்டால் பதில் சொல்ல இந்த மிஷின் வேண்டும், மிஷின் என் முன்னால் வயிற்றைப் பிளந்து கிடக்கிறது. டார்ச் லைட் அளவுதான். ஒரு பேட்டரி, ஒரு பட்டன், ஒரு சுருள், தலைப்பக்கம் அதிர்கிற ஒரு வட்டு, நடுவில் இந்தப் போர்டு. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்வு தோல் வழியாக உள்ளே போகும், நாக்கும் உதடும் அதை வார்த்தையாக்கும். இரும்புத் தகடு பேசுகிற மாதிரிதான் இருக்கும், ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஆனாலும் பேச்சு. எங்கள் பெண் யமுனா சாயங்காலம் கூப்பிடுவாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு, மஸ்கட்டில் வீட்டு வேலை முடிந்து, மாப்பிள்ளை தூங்கி எழுந்து, இங்கே வெயில் சாய்கிற நேரத்தில் போன் வரும். அதற்குள் இது கத்தியாக வேண்டும். நாளைக்குக் காலையில் இவருக்கு ஆஸ்பத்திரியில் அட்மிஷன்.

எமிலி, பேபி, செல்வி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ கம்பெனியில் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு நேர் எதிர் பெஞ்சில். சேர்ந்த புதிதில் எந்தக் கால் எது என்று ஒருத்திக்கும் மனதில் நிற்கவில்லை, எமிட்டர் என்றால் என்ன, கலெக்டர் என்றால் கலெக்டர் ஆபீஸ்தானே தெரியும் எங்களுக்கு. சூப்பர்வைசர் கிளாடிஸ் மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார், பிறகு எதிர் பெஞ்சைக் காட்டினார். "எதிர்ல யாருடி உக்காந்திருக்கா? எமிலி, பேபி, செல்வி. ஈ, பி, சி. தட்டை மொகம் உன்னப் பாக்கட்டும், மூணு பேரையும் வரிசையா உக்கார வை. இதுகூடத் தெரியலன்னா வீட்டுக்குப் போய் வடகம் போடு." அதிலிருந்து பிழைத்தோம். பேபிதான் பேஸ், நடுவில் உட்கார்ந்திருப்பவள், இந்தப் பக்கமும் பேசுவாள் அந்தப் பக்கமும் பேசுவாள், அவள் ஒரு சொல் சொன்னால் போதும் இரண்டு பக்கமும் பெரிதாகக் கலகலக்கும். டிரான்சிஸ்டரும் அதைத்தான் செய்கிறது என்று பிறகு புரிந்தது. எமிலி வியாசர்பாடியிலிருந்து வருவாள், முன்பல்லில் சின்ன இடைவெளி, சிரிக்கும்போது கையால் மூடுவாள். செல்வியை யாரும் ஏறிட்டுப் பார்க்கக்கூடாது, கோபம் மூக்கு நுனியில். ஒரு நாள் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். எமிலி இந்தக் கோடிக்கு, செல்வி அந்தக் கோடிக்கு. பேபி மட்டும் நடுவிலேயே, சிரிப்பை அடக்கி முகம் சிவந்து. எதற்கு அது? சண்டையா? செல்விக்கு ஜன்னல் வெளிச்சம் கூசியதா? கிளாடிஸ் மேடம் உள்ளே வந்து பார்த்ததும், முகம் போன போக்கும் ஞாபகம் இருக்கிறது, எதற்கு என்பதுதான் வரமாட்டேன் என்கிறது. போகட்டும். இன்னொரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே வாங்கினேன். இது சொத்தை, அது நல்லதாக இருக்கலாம். முதலில் இதைக் கழற்ற வேண்டும், பற்ற வைக்கிற ராடு சூடாக இருக்கிறது, ஈயம் உருகுகிற இந்தப் புகை வாசனை, கோயில் சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட தங்கை, இது மூக்கில் ஏறினால் எனக்கு இருபது வயதாகிவிடுகிறது, பிறகு முழங்கால் ஞாபகப்படுத்துகிறது.

டங், டங். டம்ளர். மோதிரத்தால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுகிறார். "வரேங்க, இருங்க, கையில சூடு இருக்கு." என் குரல் அவருக்குக் கேட்கும், அவர் குரல் எனக்குக் கேட்காது, ஒருவழிச் சாலை மாதிரி ஆகிவிட்டது வீடு. பாடியிலிருந்து பாரிமுனை வரை பஸ்ஸில் கண்டக்டராக இவர் போட்ட சத்தத்துக்கு, உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியாத்தான் கெடக்கு, படியில தொங்காதே, வூட்ல சொல்லிட்டு வந்தியா என்று, எத்தனை பேர் பயந்து நடுவில் போய் நின்றிருப்பார்கள். எனக்கே அந்தக் குரல் ஒரு காலத்தில் தலைவேதனை. வீட்டிலும் பஸ்ஸில் கத்துகிற மாதிரியேதான், உப்பு கொண்டா என்பது தெருமுனை வரை கேட்கும். கொஞ்சம் மெதுவாகப் பேசினால் என்ன என்று நான் கேட்காத நாளில்லை. இப்போது கேட்டதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டான் கடவுள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று பீரோவைத் திறந்து பழைய விசிலைத் தேடி எடுத்து வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. மூச்சு இப்போது கழுத்திலிருக்கிற ஓட்டை வழியாகத்தான் போய் வருகிறது, வாய்க்கு அதில் பங்கில்லை, இதை டாக்டர் படம் போட்டுச் சொல்லியிருந்தார், ஆனாலும் விசிலை எடுத்துத் துடைத்துத் துடைத்து ஊதிப் பார்த்தார். பிறகு எனக்குத் தெரியாமல் வைக்கிறதாக நினைத்துக்கொண்டு வேட்டிக்கடியில் வைத்தார். அன்றைக்கு நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகுதான் இந்த மிஷினை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். பேச்சு சொல்லிக் கொடுக்கிற அந்தச் சின்னப் பெண், டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், "வீட்டுக்காரம்மாவும் ஒருதரம் வெச்சுப் பாருங்க, அப்பதான் அவர் கஷ்டம் உங்களுக்குப் புரியும், மூச்ச அடக்கிக்கங்க, தொண்டைய சும்மா விடுங்க, வாய மட்டும் அசைங்க" என்றாள். என் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினேன். கழுத்தெலும்பெல்லாம் கூசியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாய் தானாக அசைந்து ஏகாம்பரம் என்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வாயால் சொல்லாத பெயர். ரேஷன் கடையில் கேட்டால்கூட யமுனா அப்பா என்பேன், இல்லையென்றால் கார்டை நீட்டுவேன். மிஷின் சொன்னது, நான் சொல்லவில்லை என்று இவரிடம் சாதித்தேன். இவர் சத்தமில்லாமல் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது டம்ளரைத் தட்டியது தண்ணீருக்குத்தான். கொடுத்தாயிற்று. டம்ளரைத் திருப்பி வாங்கும்போது மேஜைப் பக்கம் கண்ணைக் காட்டி, புருவத்தைத் தூக்கினார், என்னாச்சு என்று. "ஆயிடுச்சு, ஆயிடுச்சு, இன்னும் ஒரு கால்தான்" என்றேன். ஒரு கால்கூட ஆகவில்லை.

இரண்டு வாரமாகத்தான் இப்படி. முதலில் 'க' தேய்ந்தது. என்னை குணா என்றுதான் கூப்பிடுவார், குணசுந்தரி என்று என் அப்பா நீட்டி முழக்கி வைத்த பெயரைப் பாதியாக வெட்டி, அது ஊணா என்று வந்தது, பிறகு ஊ என்று, பிறகு வெறும் இரைச்சல். பேட்டரி போயிருக்கும் என்றேன், மாற்றினேன். பட்டனில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்றேன், ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். டிரான்சிஸ்டர் களைத்துப் போயிருக்கும் என்றேன், அதுவும் எத்தனை நாள்தான் உழைக்கும், நம்மைப் போலத்தானே. இதற்கு நடுவில் திங்கட்கிழமை டாக்டர் இவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். விரல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது. எனக்கு அந்த விரலைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "பாருங்கம்மா, திரும்ப வந்திருக்கு, இந்தத் தடவை கொஞ்சம் நெறையவே எடுக்க வேண்டியிருக்கும், அதுக்கப்புறம் அந்த மிஷின் வெக்கிறதுக்கு எடம் இருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றார். வெளியே வந்து இவரிடம் ஒன்றுமில்லை, சின்னதாகச் சுத்தம் பண்ணப் போகிறார்களாம் என்றேன். இவர் என்னையே பார்த்தார். சில்லறை இல்லை என்று பொய் சொல்கிற பயணியைப் பார்க்கிற அதே பார்வை. யமுனாவுக்கும் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஒன்று தங்காமல் போனது. இது ஐந்தாவது மாதம், அடுத்த மாதம்தான் பிளேன் ஏறலாம் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறாள், வளைகாப்புக்கு வருவாள். அப்பா குரல் கேட்கவில்லை என்றால் நாளைக்கே ஏறிவிடுவாள், அவளைத் தெரியாதா எனக்கு, இவர் ரத்தம். போனில் படத்தோடு பேசுவதை அவளே நிறுத்திவிட்டாள், வாந்தியில் இளைத்திருப்பது எனக்குத் தெரிந்துவிடும் என்று. நாங்களும் கேட்பதில்லை, இவர் இளைத்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று. குரல் மட்டும்தான் இரண்டு பக்கமும் போய் வருகிறது. எடுத்ததும் இவர் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார், அவள் "எடுத்தாச்சு கண்டக்டர் சார்" என்பாள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். போன வாரம் அந்த டிக்கெட் அவளுக்குப் புரியவில்லை. "அப்பா, லைன் சரியில்லபா, அடுத்த வாரம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். இன்றைக்குத்தான் அந்த அடுத்த வாரம். இதற்குப் பிறகு வருகிற அடுத்த வாரத்தில் இவர் கழுத்தில் மிஷின் வைக்க இடம் இருக்காது.

இரண்டாவதும் முனகுகிறது. அதே வண்டு, அதே தீப்பெட்டி. இரண்டும் சொத்தையாக இருக்குமா? இருக்காது. ஒன்று சொத்தை என்றால் விதி, இரண்டும் ஒரே மாதிரி சொத்தை என்றால் அது சொத்தை இல்லை. செத்தது சும்மா கிடக்கும், முனகாது. இது வேலை செய்கிறது, ஆனால் வேண்டாவெறுப்பாகச் செய்கிறது, மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் நான் செய்த மாதிரி. வேண்டாவெறுப்பாக. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். டெஸ்டிங் பெஞ்சில் வரிசையாக ரேடியோக்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஈனஸ்வரத்தில் முனக, செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்கடியிலிருந்து வாசிக்கிற மாதிரி, கிளாடிஸ் மேடம் எங்களைப் பார்த்துக் கத்துகிறார், "கண்ணு எங்கடி வெச்சிருந்தீங்க, ஒரு நாள் வேலை பூரா போச்சு," நாங்கள் அடித்துச் சத்தியம் செய்கிறோம், தட்டை முகம் எங்களைப் பார்க்கத்தான் வைத்தோம் மேடம், எமிலி, பேபி, செல்வி வரிசையில்தான் வைத்தோம் மேடம். மேடம் ஒன்றைக் கழற்றி மீட்டரில் வைக்கிறார். மறுபடி வைக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அன்றைக்கு வந்த பாக்கெட் வேறு கம்பெனி. நம்பர் அதே நம்பர், உடம்பு அதே உடம்பு, கால் வரிசை மட்டும் வேறு. பேபி நடுவில்தான், இரண்டு கோடியும் இடம் மாறியிருந்தன. போர்டு அச்சடித்தவனுக்குப் பழைய கம்பெனி வரிசைதான் தெரியும், அவன் பேரில் குற்றமில்லை. பாக்கெட் அனுப்பியவன் பேரிலும் குற்றமில்லை. எங்கள் பேரிலும் இல்லை. ஒருத்தர் பேரிலும் குற்றமில்லாமல் அத்தனை ரேடியோவும் ஊமை. மறுநாள் காலையில் எமிலியும் செல்வியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள், மேடம் வந்ததும் எமிலி எழுந்து நின்று, "மேடம், இன்னிக்கு நாங்க வேற கம்பெனி" என்றாள். அதற்குத்தான். அதற்குத்தான் அது! பாவி எமிலி, எங்கே இருக்கிறாயடி, இத்தனை வருஷம் கழித்து வந்து சொல்கிறாய். என் மீட்டரில் டிரான்சிஸ்டரைச் செருகிப் பார்க்க மூன்று ஓட்டை உண்டு, போர்டு சொல்கிற வரிசையில் செருகினால் எவ்வளவு பெரிதாக்கும் என்று எண் வரும். செருகினேன். கழற்றி வைத்த முதல் புதியதற்குச் சொற்ப எண். திருப்பிச் செருகினேன், தட்டை முகம் அந்தப் பக்கம். எண் எகிறி மூன்று இலக்கத்துக்குப் போய் நின்றது. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான், தலைகீழாகப் போட்டாலும் முனகிக்கொண்டாவது வேலை செய்கிற ஜாதி இது. கழற்று, ஈயத்தை உறிஞ்சு, ஓட்டையைச் சுத்தம் பண்ணு, தட்டை முகம் அந்தப் பக்கம் பார்க்கட்டும், முதுகு என் பக்கம். கைக்குப் பிடிக்கவில்லை. பழகிய கை மறுக்கிறது, விரல் தானாகத் தட்டைப் பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறது, வேண்டாம், முதுகைக் காட்டிக்கொண்டே உட்காரட்டும். ஒரு கால். பேபி. இன்னொரு கால். ஆறட்டும், ஊது. பட்டன். கர்ர்ர் என்று மேஜையே அதிர்ந்தது. ஸ்குரூ டிரைவர் உருண்டு கீழே விழுந்தது. உள்ளே டிவி முன்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, மிஷினை மார்போடு வைத்துக்கொண்டேன், அது என் எலும்புக்குள் எல்லாம் கத்தியது.

அப்போதே மூடியைப் போட்டுத் திருகியிருக்க வேண்டும். திருகாமல், கழற்றிப் போட்ட பழையதை எடுத்தேன், சும்மா, எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்க்க. அது போர்டில் எழுதியிருக்கிற வரிசைக்காரி, தட்டை முகம் என் பக்கம். செருகினேன். மூன்று இலக்கம். புதியதற்கு வந்த அதே அளவு, ஒரு பொட்டு கூடவே. மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று எடுத்து, காலைத் துடைத்துச் செருகினேன். அதேதான். களைப்பும் இல்லை ஒன்றும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். நல்லதைக் கழற்றிப் போட்டுவிட்டு, நானே ஒரு கோளாறை உண்டாக்கி, நானே கண்டுபிடித்து, நானே சந்தோஷப்பட்டேன். அப்படியென்றால் மிஷினில் கோளாறு இல்லை. இந்த இரண்டு வாரமும் இல்லை. கையில் பிடித்து அழுத்தும்போது அது கத்தத்தான் செய்தது, கழுத்தில் வைத்ததும்தான் மங்கியது, அதை இந்தக் காதால் கேட்டேன், கேட்டுவிட்டுப் பேட்டரி என்றேன், பட்டன் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிளாடிஸ் மேடம் இதைத்தான் முதல் நாளே சொன்னார், "கோளாறு எங்க இருக்குன்னு தேடாதீங்கடி, எங்க இல்லன்னு மொதல்ல பாத்துக்கங்க." எங்கே இல்லை என்று பார்த்தாயிற்று. மிச்சம் ஒரே இடம்தான். அந்த இடத்தைத்தான் டாக்டர் விரல் திரும்பத் திரும்பத் தடவியது. அதற்கு மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் கேட்க முடியாது. இவர் வந்து நிற்கிறார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார், கண்ணில் ஒரு வெளிச்சம், கையை நீட்டுகிறார், குழந்தை பலூனுக்கு நீட்டுகிற மாதிரி. மூடியைப் போட்டேன். திருகினேன். மெதுவாகத் திருகினேன். "இருங்க, ஸ்குரூ டைட் ஆகல." எவ்வளவு நேரம்தான் ஒரு திருகாணியைத் திருகுவது. கொடுத்தேன். வழக்கமான இடத்தில் வைத்தார். கர்ர்ர் என்று வெளியே கேட்டது, உள்ளே போகவில்லை, உதடு அசைந்தது, வார்த்தை இல்லை. கொஞ்சம் மேலே. கொஞ்சம் பின்னால், காதுக்குக் கீழே. வலப்பக்கம். தாடைக்கு அடியில். கன்னத்தில் வைத்தும் பார்த்தார், வெறும் காற்றைத்தான் பிசைந்தது. ஒவ்வோர் இடத்திலும் உதடு ஒரே சொல்லைத்தான் சொன்னது, அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நின்றேன். "பேட்டரி..." என்று ஆரம்பித்தேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மிஷினை என் கையில் திருப்பி வைத்து, என் விரல்களை அதன்மேல் மடித்துவிட்டார், மிச்சச் சில்லறையைக் கொடுக்கிற மாதிரி.

போன் அடிக்கிறது. அடிக்கட்டும், தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளட்டும். நினைக்கமாட்டாள், எடுக்கிறவரை அடிப்பாள், பிறகு பக்கத்து வீட்டுக்கு அடிப்பாள், பிறகு பிளேன் டிக்கெட். இவர் என்னைப் பார்க்கிறார், போனைப் பார்க்கிறார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "ஹலோ? அப்பா? அம்மா? யாராவது இருக்கீங்களா?" வாயைத் திறந்தேன், என்ன சொல்வது, அப்பா வெளியே போயிருக்கிறார் என்றா, வெள்ளிக்கிழமை இந்த நேரத்தில் இவர் எங்கே போவார், தூங்குகிறார் என்றா, எழுப்பு என்பாள். டீச்சர் சொன்னது காதில் கேட்டது, மூச்ச அடக்கிக்கங்க. தொண்டைய சும்மா விடுங்க. கை தானாக மேலே போனது. தாடைக்குக் கீழே, மெத்தென்ற இடத்தில், எனக்கு அந்த இடம் இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது, வைத்து அழுத்தினேன். "டிக்கெட் எடுத்தாச்சா?" தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "எடுத்தாச்சு கண்டக்டர் சார்! அய்யோ அப்பா, எவ்ளோ தெளிவா இருக்கு! போன வாரம் ஒண்ணுமே புரியலப்பா, நான் பயந்தே போயிட்டேன். மிஷின மாத்திட்டீங்களா?" இவரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உதடு மெதுவாக அசைந்தது, எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக. அம்மா. ரிப்பேர். பண்ணா. "அம்மா ரிப்பேர் பண்ணா" என்றது மிஷின். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, அம்மா கைக்கு எல்லாம் வரும்னு. செக்கப்புல டாக்டர் என்னப்பா சொன்னாரு?" இவர் உதடு அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நீ சொல், உன்னிடம்தானே சொன்னார் என்று. என் மூச்சு முட்டியது. "நல்லா இருக்குன்னாரு." "சரிப்பா, சாப்பிடுங்க ஒழுங்கா. அம்மாகிட்ட குடுங்க." மிஷினை இறக்கினேன். ஒரு மூச்சு இழுத்து விட்டு, போனுக்கு நடந்து வருகிறவள் மாதிரி இரண்டு எட்டு நின்ற இடத்திலேயே வைத்து, "சொல்லுடி" என்றேன். "என்னம்மா மூச்சு வாங்குது? அப்பா கொரல் கேட்டியா? ரேடியோ மாதிரி இருக்கு. நான் அங்க வரவரைக்கும் இப்பிடியே வெச்சிரும்மா. எனக்கு இன்னிக்குத்தான் தூக்கம் வரும்." "வெக்கிறேன்" என்றேன். தூங்கு, எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள், மாடிப்படி ஏறாதே என்று ஏதேதோ சொன்னேன், அவள் வைத்தாள்.

டிவியில் யாரோ வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டு வரும் முகம் எனக்குத் தெரியும், அது வரவில்லை. நான் இவர் குரலைத் திருடிவிட்டேன், இவர் கண் முன்னாலேயே, இவர் பெண்ணிடமே. மன்னிச்சிருங்க என்று சொல்ல வந்தேன், அதற்குள் இவர் கிட்டே வந்து என் கையிலிருந்து மிஷினை எடுத்தார். தன் கழுத்துக்குக் கொண்டு போவார் என்று பார்த்தேன், கொண்டு போகவில்லை. என் முகவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, என் கழுத்தில் அந்த மெத்தென்ற இடத்தைத் தடவித் தேடி, அங்கே வைத்தார். இவர் விரல் பட்டனில். கர்ர்ர் என்று என் தொண்டைக்குள் இறங்கியது. இவர் உதடு அசைந்தது, கொஞ்ச நேரம் முன்னால் கழுத்தெல்லாம் வைத்துப் பார்த்துச் சொன்ன அதே சொல்லை, இப்போதும் சத்தமில்லாமல், என் வாய்க்கு நேராக. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இவர் உதட்டைப் பார்த்து அப்படியே அசைத்தேன். "குணா" என்று கூடத்தில் கேட்டது. 'க' முழுசாக, 'ணா' முழுசாக, இவர் குரல். என்னங்க என்று பதில் சொல்ல வேண்டும். சொல்ல எங்கள் இருவருக்கும் சேர்த்து வாய் ஒன்றுதான் இருந்தது, இவர் இன்னும் பட்டனை விடவில்லை.